பெரியாற்று ஏரி: ஒரு நீர், பல உரிமை

தோப்பும்படியில் குடியேறி வாழும் நம்முள் மதுரை, தேனி, இராமநாதபுரம் பகுதிகளைச் சேர்ந்தோர் உளர். அன்னோர் பிறந்த மண்ணில் நெல் விளைவிக்கும் நீரும், கொச்சி நகருக்கென ஆலுவாயில் எடுக்கப்படும் நீரும் ஒரே ஆற்றினுடையவை. அதுவே பெரியாறு. அந்நீரின் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

மேற்கு மலைத்தொடரில் தோன்றி அரபிக்கடலில் கலப்பது பெரியாற்றின் இயல்பு. மலைக்குக் கிழக்கே வைகைச் சீமையோ மழை பொய்த்து வாடியது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். அதன் பின்னரே, ஆற்றைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் உருப்பெற்றது. பென்னிகுவிக் என்னும் பொறியாளர் 1887-இல் பணி தொடங்கி, காய்ச்சலையும் வெள்ளத்தையும் எதிர்த்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணையை எழுப்பினார். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கமும் அமைக்கப்பட்டது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார்.

யாம் இரயில்வே அலுவலகக் கோப்புகளிடையே காலங்கழிப்பவர். ஆதலின் எம் கண் ஒப்பந்தங்களின் மீதே செல்லும். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசு 8000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக அளித்தது. வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய். நீர் எடுக்கும் உரிமையோடு மீன் பிடிக்கும் உரிமையும் அப்பத்திரத்தில் எழுதப்பட்டது! 1970-இல் எழுந்த துணை ஒப்பந்தத்தில் தமிழகம் மீன்பிடி உரிமையைக் கேரளத்திற்கு விட்டுக் கொடுத்தது. வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழகத்திற்குக் கிட்டியது. கொடுத்தலும் பெறுதலும் இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பத்திரத்தில் எழுதப்படாத பங்காளிகளும் வந்து சேர்ந்தனர். ஏரி நிரம்பியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் நீரில் நிற்கின்றன. அவற்றின் மீது நீர்க்காகங்கள் சிறகுலர்த்தும். யானையும் காட்டெருதும் கடமானும் கரைக்கு வந்து நீர் பருகும். நீர்நாய்கள் மீனைத் துரத்தும். உலகில் வேறெங்கும் காணப்படாத மீன் வகைகளும் இந்நீர்ப்பரப்பைச் சார்ந்து உள. 1934-இல் திருவிதாங்கூர் மன்னர் இக்காட்டை வேட்டையாடலாகாப் புகலிடமாக்கினார். 1978-இல் அது புலிகள் காப்பகம் ஆயிற்று.

குமுளியில் வாழும் மன்னான் குடியினர் மூங்கில் தெப்பம் செலுத்தி இவ்வேரியில் மீன் பிடிப்பர். தம் முன்னோர் மதுரையினின்று வந்தோர் என்பது அவர்தம் மரபுரை. நமக்கு முன்னரே மலை கடந்து வந்த உறவினர் என அவர்களைக் கருதலாமன்றோ?

இன்று இவ்வணையைப் பற்றி வழக்கும் வாதமும் உண்டு. 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது; 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை அனுமதித்தது. வயல் காயுமோ என்னும் அச்சம் நம் பிறந்த ஊராரது. அணை தாங்குமோ என்னும் அச்சம் நம் அண்டை வீட்டாரது. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் இப்பேச்சு எழும்போது நாம் தலைகுனிந்து மௌனமாயிருத்தல் வேண்டா. சினந்து பேசுதலும் வேண்டா. இரு அச்சங்களையும் அறிந்தவர் நாமே. ஓர் அச்சத்தை மற்றவர்க்கு விளங்க உரைத்தல் நம் கடன். வைகைக் கரையில் பிறந்து பெரியாற்று நாட்டில் பிழைப்போர் அதனைச் செய்யாவிடின் வேறு யார் செய்வர்?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!