தேயிலையின் யகரம்

கொழுந்தைத் தேய்த்துச் சுருட்டுவதால் தேயிலை என்று பெயர் வந்ததாகச் சொல்வோர் உண்டு. ஆலையில் கொழுந்தை உருட்டுவது உண்மைதான், ஆனால் சொல் அதற்கு இடம் தரவில்லை. வேர் 'தேய்' என்றால் தேநீரிலும் தேத்தண்ணீரிலும் அந்த யகரம் எங்கே போயிற்று? ஏகாரத்தை அடுத்து உயிர் வந்தால் யகரமோ வகரமோ தோன்றும் என்கிறது நன்னூல். இலை சேரும்போது மட்டும் தலைகாட்டும் இந்த யகரம் வெறும் உடம்படுமெய். வேர் 'தே' மட்டுமே. கடைப் பலகைகளில் 'தேனீர்' என்று எழுதுவதும் தவறு. தேனும் நீரும் புணர்ந்தால் வரும் சொல் அது.

அந்தத் 'தே' சீனத்தின் பூஜியன் கரையில் வழங்கும் ஹொக்கியன் பேச்சுக்கு உரியது. தேயிலையைக் குறிக்கும் அதே சீன எழுத்தைக் காண்டனீஸில் 'சா' என்று படிப்பார்கள். மக்காவில் தங்கிய போர்ச்சுகீசியர் 'சா'வை எடுத்துக்கொண்டனர். 1610 வாக்கில் ஐரோப்பாவுக்குத் தேயிலை கொண்டுபோன டச்சுக்காரர் வாயில் 'தே' நிலைத்தது. சென்னையின் பரங்கிமலை, 'பரங்கி' எனப்பட்ட போர்ச்சுகீசியரின் பெயரையே தாங்கி நிற்கிறது. சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. ஆனாலும் அவர்களுடைய 'சா' இங்கே ஒட்டவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் இந்தக் கரையில் ஓங்கியிருந்தபோது தேயிலை இங்கே சரக்காகவே இல்லை.

ஆங்கிலத்திலிருந்தே 'தே' வந்திருக்கலாமே என்று கேட்கலாம். வலுவான கேள்விதான், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் ஏறக்குறைய 'டே' என்றே பலுக்கினர். அதனால் உயிரொலியை வைத்து முடிவு கட்ட முடியாது, மெய்யொலியைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் t, d ஒலிகள் தமிழ்க் காதில் டகரமாக விழும்: டாக்டர், டிக்கெட், டீ. டச்சு, பிரெஞ்சு, மலாய் மொழிகளில் அதே ஒலிகள் பெரும்பாலும் தகரமாகும். ஈழத்துப் 'போத்தல்' போர்ச்சுகீசிய, டச்சுக் காலத்து வரவு, சென்னையின் 'பாட்டில்' ஆங்கிலேயர் காலத்தது. இரண்டிலும் அதே வேறுபாடு கேட்கிறது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரையோ மலாய்க் கரையையோ முற்றிலும் ஒதுக்க முடியாது. ஆனால் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள் டச்சுக்காரர்கள். சிங்களமும் 'தே' என்றே சொல்கிறது. என் சாய்வு டச்சுக்காரர் பக்கம்தான்.

இதிலிருந்து நான் கொள்வது, இந்தக் கரைக்கு இலை முதலில் சரக்காக வந்தது, குடிக்கும் வழக்கம் பிந்தி வந்தது என்பதே. மலையாளம் இதற்கு நல்ல சாட்சி: அங்கே இலை 'தேயில', குடிப்பது 'சாயா'. ஒன்று 'தே' கிளை, மற்றது 'சா' கிளை. தமிழகத்தில் இலை தேயிலையாகவே இருக்க, குடிப்பது ஆங்கிலேயர் காலத்து 'டீ' ஆயிற்று. தேநீர் ஏட்டோடு நின்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தோட்டம் போட்ட இலங்கையிலோ தமிழர் குடிப்பதும் 'தேத்தண்ணி'தான். தமிழகத்தில் 'டீ' மளிகைக் கடைத் தூளையும் பிடித்துக்கொண்டது. நீலகிரி விவசாயி விலை கேட்பது மட்டும் இன்னும் பசுந்தேயிலைக்குத்தான்.