மூன்றாவது கம்பி: பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் வீட்டு மின் பாதுகாப்பின் வரலாறு

முன்னுரை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். அதன் கரையிலும், ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும் லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம், பசியாவரம் முதலிய மீனவ ஊர்கள் இருக்கின்றன. 1613-ல் டச்சுக்காரர் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டையும், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறையும் ஆய்வாளர் பலரை இங்கே அழைத்து வந்துள்ளன. இம்மக்களின் வீடுகளுக்குள் மின்சாரம் எவ்வளவு பாதுகாப்பாக வந்தது என்ற கேள்விக்கு அத்தகைய கவனம் கிடைத்ததில்லை. மின்கருவிகள் வேகமாக வந்தன. அவற்றைத் தொடுகிற கையைக் காக்கும் எர்த் கம்பியும் மின்கசிவு தடுப்பானும் அந்த வேகத்தில் வரவில்லை. உப்புக் காற்று வீசும் கரையில் இந்த இடைவெளி உயிருக்கு ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கில் கரைந்த குப்பங்கள்

சென்னையில் 1895-லேயே மின் டிராம் ஓடியது. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1-ல் பிறந்தது; கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்லக் கடன் தரும் ஊரக மின்மயக் கழகம் 1969-ல் உருவானது. ஏரியின் தென்புறத்தில் எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-லும், அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் 1994-லும் உற்பத்தியைத் தொடங்கின.

ஆனால் 'மின்மயமான கிராமம்' என்ற அரசுக் கணக்கைக் கொண்டு குப்பங்களின் நிலையை அறிய முடியாது. 1997 வரை, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எதற்காகவாவது மின்சாரம் பயன்பட்டாலே அது மின்மயமானதாகக் கொள்ளப்பட்டது. வயலில் ஒரு பம்புசெட் ஓடினால் போதும். 1997-ல்தான் குடியிருப்புப் பகுதியில் மின்சாரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. குறைந்தது 10 விழுக்காடு வீடுகளிலாவது இணைப்பு வேண்டும் என்றது 2004-ம் ஆண்டு வரையறை. மீனவக் குப்பம் பெரும்பாலும் தனி வருவாய்க் கிராமம் அல்ல, ஒன்றின் உட்கிடை. தாய்க் கிராமத்து வெளிச்சத்தில் குப்பத்து இருட்டு கணக்கில் கரைந்துபோக இந்த வரையறைகளே வழிவிட்டன.

ஒரு விளக்கிலிருந்து கிரைண்டர் வரை

குடிசைகளுக்குத் தமிழக அரசு தந்த ஒரு விளக்கு இலவச இணைப்பும், 1988-89-ல் மத்திய அரசு தொடங்கிய குடீர் ஜோதி திட்டமும் ஏழை வீடுகளில் முதல் பல்பை எரிய வைத்தன. கூரையில் தொங்கும் பல்புக்கு ஃபேஸ், நியூட்ரல் என இரண்டு கம்பிகளே போதும். கையெட்டும் தூரத்தில் உலோகப் பரப்பு எதுவும் இல்லாததால் மூன்றாவது கம்பியான எர்த்தின் தேவை அன்று எழவில்லை.

2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011 செப்டம்பரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2016-ல் எல்லா வீடுகளுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கொடுத்த உழைப்பு மிச்சமானது. பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பல்புக்காகப் போட்ட இரண்டு கம்பியிலிருந்தே கிரைண்டருக்கும் இணைப்பு இழுத்தால், மூன்று முள் பிளக்கின் பெரிய முள் சொருகும் துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

அப்போது நிகழக்கூடியது இதுதான். மீன் கழுவிய தரை ஈரமாக இருக்கிறது, கையில் உப்புநீர். மோட்டாரின் காப்பு எங்கோ தேய்ந்து, கிரைண்டரின் உடலில் 230 வோல்ட் ஏறி நிற்கிறது. நனைந்த உடலின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொண்டால், தொட்டவரின் உடல் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது பொருட்டே இல்லை, அது போகாது. ஃபியூஸ் கம்பியைக் காக்கிறது, மனிதரைக் காப்பதில்லை.

சட்டம் சொன்னதும் விட்டதும்

1910-ம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழ் 1956-ல் வந்த விதிகள் தெளிவானவை. நுகர்வோர் இடத்தில் எர்த் முனை ஒன்றை அமைத்துப் பராமரிப்பது மின்வழங்குநரின் கடமை என்றது 33-ம் விதி. ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் நுகர்வோரின் மின்னமைப்பைச் சோதிக்க வேண்டும் என்றது 46-ம் விதி. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே ஒயரிங் செய்ய வேண்டும் என்பதும் விதிகளில் இருந்தது.

மின்கசிவு தடுப்பானுக்கான அடித்தளம் வேறிடத்தில் அமைந்தது: மனித உடல் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதை அமெரிக்காவின் பெர்க்லியில் சார்லஸ் டால்சியல் அளந்தார். பிடித்த கம்பியைத் தானாக விட்டுவிட முடிகிற அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லையெனில் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீடுகளுக்குப் பரவ இந்த ஆய்வு உதவியது. இன்று வீட்டு மின்கசிவு தடுப்பான் 30 மில்லி ஆம்பியருக்குள் துண்டிக்க வேண்டும்.

இந்தியாவின் 2010-ம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இக்கருவியை வலியுறுத்தியபோது, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீட்டு இணைப்புகளுக்கு விலக்கு அளித்தன. இந்த வரம்பு பின்னர் 2 கிலோவாட்டாகக் குறைந்தது. ஒரு டிவி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் சேர்ந்தாலும் 1 கிலோவாட்டைத் தொடுவது அரிது. ஆபத்து மிகுந்த ஈரத் தரை வீடுதான் விதிக்கு வெளியே நின்றது. அண்மைக் காலத்தில் தமிழக மின்வாரியம் சிறிய இணைப்புகளிலும் இக்கருவியைப் பொருத்தும்படி வலியுறுத்துவது நல்ல திருப்பம்.

உப்பின் இரு முகங்கள்

உவர்மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உள்நாட்டில் எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டிப் பெறும் பயனை ஏரிக்கரை மண் இயல்பாகவே தருகிறது. அதே உப்புதான் துத்தநாகம் பூசிய எர்த் குழாயையும் தின்றுவிடுகிறது. குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்திலும், எர்த் கம்பியை இறுக்கிய போல்ட்டிலும் துரு முதலில் பிடிக்கும். மேலே குழாய் நிற்பதைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று நம்புவோம். உள்ளே தொடர்பு அறுந்திருக்கும். மணல்திட்டில் இன்னொரு சிக்கல்: கோடையில் மேல்மணல் காய்ந்தால் மின்தடை ஏறிவிடும். வறண்ட காலத்தில் எர்த்தை அளக்க வேண்டும் என்று 1956 விதிகள் மின்வழங்குநருக்குச் சொன்னதன் காரணம் இதுவே.

வெளியிலும் உப்பு ஓயாது. போஸ்ட்டில் உள்ள பீங்கான் இன்சுலேட்டரில் படிந்த உப்பு, பனியில் நனைந்தால் மின்சாரம் கசிய வழியாகிறது. அலுமினியக் கம்பியில் செம்புக் கம்பியை வெறுமனே முறுக்கினால் அந்த இணைப்பு அரித்துச் சூடேறும். வீட்டுக்குள் பிளக் பாயின்ட்டின் பித்தளையில் பச்சை படர்கிறது. தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். புயலில் சாய்ந்த கம்பத்தில் அந்த உயரம் நிலைப்பதில்லை. படகைத் தள்ளும் நனைந்த மூங்கில் கழியை நிமிர்த்திச் சுமப்பவருக்கு அந்தக் குறைவே எமனாகும்.

முடிவுரை

இந்த வரலாறு காட்டும் குறை அறிவின் குறை அன்று. எர்த் முனை 1956 முதல் விதியில் இருக்கிறது. தடுப்பானின் அறிவியல் அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. மின்கருவிகளை நலத்திட்டமாகக் கண்ட அரசுகள், பாதுகாப்பை நுகர்வோரின் சொந்தச் செலவாக விட்டன.

எனவே உவர்நிலக் குப்பங்களுக்குத் தனி நடைமுறை தேவை. வீட்டுக்கு ஒரு மின்கசிவு தடுப்பானை அரசே பொருத்தித் தரலாம். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கப் பழக்க வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் அது காக்காது என்பதையும் சொல்லித்தர வேண்டும். ஐந்தாண்டுச் சோதனை இக்கரையில் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை வைகாசி வெயிலில் நடக்க வேண்டும். எர்த் குழாயைப் பார்த்தால் போதாது, மின்தடையை அளக்க வேண்டும். கிரைண்டரை வீடுதோறும் கொண்டு சேர்க்க முடிந்த அரசு நிர்வாகத்தால் மூன்றாவது கம்பியையும் கொண்டு சேர்க்க முடியும்.