ஹிமா: காக்கப்பட்ட நிலமும் எளியோர் உரிமையும்

இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தில் செழிப்பான மேய்ச்சல் நிலம் வலியோர் வசமே இருந்தது. குலத்தலைவர் ஒருவர் தம் நாயை மேட்டில் நிறுத்திக் குரைக்கச் செய்வார். அவ்வொலி எட்டும் எல்லைவரை அவருக்கே உரியது. அங்கே பிறர் மேய்க்கலாகாது. அவரோ பிறர் மேய்க்கும் இடங்களிலும் மேய்ப்பார். இவ்வாறு தடுத்துக் காக்கப்பட்ட நிலமே ‘ஹிமா’ எனப்பட்டது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிமாவை ஒழிக்கவில்லை. அதன் உரிமையை மாற்றினார்கள். அது அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்குமே உரியது என அறிவித்ததன் மூலம் தனிமனிதப் பிடியிலிருந்து அதனைப் பொதுநலனுக்கு மீட்டார்கள். மதீனாவை அடுத்த நகீஃ எனும் நிலம் முஸ்லிம்களின் குதிரைகளுக்கென ஒதுக்கப்பட்டது. மதீனாவைச் சுற்றி 12 மைல் பரப்பும் ஹிமாவாக்கப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதாவை ஹிமாவாக்கினார்கள். ஹிமாவின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட ஹுனை என்பாருக்கு அவர்கள் இட்ட கட்டளை புகாரீயில் பதிவாகியுள்ளது. அநீதி இழைக்கப்பட்டோரின் பிரார்த்தனைக்கு அஞ்சுமாறு எச்சரித்த உமர் (ரலி), சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உள்ளோரை உள்ளே அனுமதிக்கச் சொன்னார்கள். உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) போன்ற செல்வந்தர்களின் மந்தைகளையோ தடுக்கச் சொன்னார்கள். மந்தை அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் உண்டு. ஏழையோ பிள்ளைகளுடன் கலீஃபாவிடமே வந்து நிற்பார். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்பது அவர்களின் வாதம்.

புல்லைக் காப்பதும் எளியோரைக் காப்பதும் இங்கு ஒரே கடமையாகின்றன.

1950களில் சவூதி அரேபியாவில் குலங்களின் மேய்ச்சல் நிலங்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. காவலும் முறையும் நீங்கவே ஹிமாக்கள் பல மறைந்தன. மிகைமேய்ச்சலால் நிலம் நலிந்தது. தடையை நீக்குவது மட்டும் நீதியாகிவிடாது என்பதற்கு இது சான்று. பின்னர் லெபனானில் 2004 முதல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்று உள்ளூர் மக்களுடன் இணைந்து ஹிமாக்களை மீட்டெடுத்து வருகிறது.

பருவநிலை மாற்றம் குறித்து 2015இல் இஸ்தான்புல்லில் வெளியான இஸ்லாமியப் பிரகடனம், புவி வெப்பமாதலைத் தடுக்கும் பொறுப்பில் செல்வ நாடுகள் முன்னிற்க வேண்டுமெனக் கோரியது. வறட்சி வந்தால் வேறு வழியுள்ளவர் யார், வழியற்றவர் யார்? ரபதாவின் மேய்ச்சல் நிலத்தில் உமர் (ரலி) எழுப்பிய இவ்வினா இன்று உலக நாடுகளின் முன் நிற்கிறது. நம் ஊர்ப் பொதுக் குளத்தையும் வக்ஃபு நிலத்தையும் நிர்வகிப்போர் முன்னும் அதே வினா நிற்கிறது.