பள்ளி முன்தயாரிப்பு: வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகள்

தவழ்வது, நடப்பது, பேசுவது, பழகுவது ஆகியவற்றில் வயதுக்குரிய கட்டங்களைப் பிந்தி எட்டும் குழந்தையை முதல் வகுப்புக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சிகளும் ஏற்பாடுகளும் பள்ளி முன்தயாரிப்பு எனப்படும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இவை போன்ற துறைகளில் இரண்டிலாவது கணிசமாகப் பின்தங்கியிருந்தால் மருத்துவர்கள் அதைப் பொது வளர்ச்சித் தாமதம் என்கிறார்கள். அந்த வயதில் நுண்ணறிவுச் சோதனைகளை முழுதாக நம்ப முடியாது என்பதால் பிற்பாடு மறுபரிசோதனை தேவைப்படும். சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடு என்றோ ஆட்டிசம் என்றோ உறுதியாகும். சிலர் பிந்தியேனும் எட்டிப் பிடித்துவிடுவார்கள்.

அ, ஆ எழுத வந்தால் அனுப்பிவிடலாம் என்று பெற்றோர் எண்ணுவதுண்டு. முதல் வாரங்களில் குழந்தை தடுமாறுவது பெரும்பாலும் வேறு இடங்களில்: சிறுநீர் வருவதைச் சொல்லத் தெரியாமை, டிபன் பாக்ஸைத் திறக்க வராமை, மணிச் சத்தத்துக்கு மிரள்வது, வரிசையில் நிற்க முடியாமை.

வளர்ந்த வரலாறு

1969-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரை மையமாகக் கொண்டு ஒரு திட்டம் தொடங்கியது. சிறப்புப் பள்ளிக்கு வர வழியில்லாத கிராமப்புறக் குழந்தைகளின் வீட்டுக்கு ஆசிரியர் வாரம் ஒருமுறை போவார்; ஒரு பயிற்சியைத் தாய்க்குச் செய்து காட்டுவார்; அடுத்த வருகை வரை தாய் அதைத் தினமும் செய்வார். 'போர்ட்டேஜ் முறை' என்ற பெயரில் இது இந்தியா உட்பட பல நாடுகளுக்குப் பரவியது.

சென்னையில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் பிறப்பு முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு 'உபநயன்' என்ற பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. இயக்கம், சுயஉதவி, மொழி, அறிவு, பழகுதிறன் என ஐந்து பிரிவுகளில் திறன்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. இங்கும் பெற்றோர் பயிற்சியின் பங்காளிகள்.

பயிற்சி முறை

ஒரு வேலையைச் சிறு படிகளாக உடைத்துக் கற்பிப்பதே அடிப்படை. கால்சட்டை போடுவதை எடுத்துக்கொள்ளலாம். அம்மா அதை இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிவிடுவார். கடைசி இழுப்பு மட்டும் குழந்தையுடையது. அது கைவந்ததும் தொடையிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து, முடிவில் தரையில் கிடப்பதை எடுத்துத் தானே போடுவது. ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது குழந்தையே என்பதால் முரண்டு குறைகிறது. கழிப்பறை போவது, கை கழுவுவது, செருப்பு மாட்டுவது எல்லாமே இப்படித்தான்.

பேச்சு வராத குழந்தைக்குப் படங்கள் கைகொடுக்கும். தண்ணீர், கழிப்பறை, வலி என்று நாலைந்து படங்களைச் சிறு அட்டைகளில் ஒட்டிக் கொடுத்தால் தேவையைத் தொட்டுக் காட்டும். பள்ளி வாசல், வகுப்பறை, சாப்பிடும் இடம், வீடு என்று நிகழ்ச்சிகளைப் படவரிசையாக்கினால், அடுத்து என்ன என்ற பதற்றம் தணியும்.

பள்ளியின் பங்கு

தயாராக வேண்டியது குழந்தை மட்டுமல்ல. பள்ளியும் குடும்பமும்கூட என்பதே யுனிசெப் முன்வைக்கும் கருத்து. ஜூனில் பள்ளி திறக்குமுன், கூட்டமில்லாத நேரத்தில் குழந்தையை அழைத்துப்போய் வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டுவது பலன் தரும். முதல் நாட்களில் அரை நாள் வருகை, ஆசிரியருக்கு அருகே இருக்கை, சாய்தளம் போன்றவற்றை முன்கூட்டியே பேசி முடிக்கலாம். காலை உணவுத் திட்டம் நடக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில், வரிசையில் உட்கார்ந்து தானே அள்ளிச் சாப்பிடும் பழக்கம் முதல் நாளே தேவைப்படும்.

சட்டமும் திட்டங்களும்

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பரிசோதிக்கின்றன. தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், கடும் குறைபாடுள்ளோருக்கு வீட்டுவழிக் கல்வியையும் உரிமையாக்கியது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது.

தமிழ்நாட்டில் அங்கன்வாடி சமூக நலத் துறையிலும், இடையீட்டு மையம் சுகாதாரத் துறையிலும், பள்ளி கல்வித் துறையிலும் இருக்கின்றன. அதனால் மருத்துவச் சான்றிதழ், தெரபி குறிப்புகள், கைவந்த திறன்களின் பட்டியல் மூன்றையும் ஒரே கோப்பாக்கிப் பெற்றோரே வகுப்பாசிரியரிடமும் சிறப்பாசிரியரிடமும் ஒப்படைப்பது நல்லது.