சிறப்பு அறிக்கைகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சிறப்பு அறிக்கை என்றால் என்ன?

வழக்கமான பதிவேடுகள் அன்றாட விவரங்களைத் தொடர்ந்து குறித்து வருபவை. குறிப்பிட்ட ஒரு நிகழ்வையோ கேள்வியையோ மட்டும் ஆராய்ந்து, உரிய துறையினர் தனியே அளிப்பது சிறப்பு அறிக்கை ஆகும்.

துறைதோறும் அதன் பயன் என்ன?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தியவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய ஒரே நிகழ்வுக்குப் பல துறைகளின் அறிக்கைகள் தேவைப்படுகின்றன.

• மருத்துவ அறிக்கை: இரத்தத்தின் அமிலத்தன்மை, பார்வை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைக் காட்டும். டயாலிசிஸ் தேவையா என முடிவு செய்ய உதவும்.
• தடய அறிவியல் அறிக்கை: சாராய மாதிரியில் கலந்துள்ள நச்சுப்பொருளை உறுதி செய்யும்.
• பிரேதப் பரிசோதனை அறிக்கை: இறப்பின் காரணத்தைக் கூறும்.
• விசாரணை ஆணைய அறிக்கை: நிகழ்வின் பின்னணியையும் தடுக்கும் வழிகளையும் ஆராயும். கள்ளக்குறிச்சி நிகழ்வுக்காக, ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் அவர்களைக் கொண்ட ஒரு நபர் ஆணையத்தை அரசு அமைத்தது.

ஓர் அறிக்கை மற்றொன்றுக்கு ஈடாகாது. தடய அறிவியல் அறிக்கை வரும்வரை சிகிச்சை காத்திருக்கவும் இயலாது. ஆகவே, நோயாளி எதை, எப்போது, எவ்வளவு அருந்தினார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். மெத்தனால் நச்சின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் இருந்தால் உடனே 108 எண்ணை அழையுங்கள்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை

• பரிந்துரைச் சீட்டு: திருநாவலூர் போன்ற ஊர்களிலிருந்து கள்ளக்குறிச்சி அல்லது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது இது நோயாளியுடனேயே செல்ல வேண்டும். ஏற்கெனவே அளிக்கப்பட்ட மருந்துகளை அடுத்த மருத்துவர் இதனைக் கொண்டே அறிவார்.
• டிஸ்சார்ஜ் சம்மரி: வீடு திரும்பிய பின் தொடர் சிகிச்சைக்கு அவசியமானது.
• விபத்துப் பதிவேட்டின் நகல்: காவல்துறை விசாரணைக்கும் இழப்பீடு கோரவும் பயன்படும்.

உங்கள் உரிமை

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் சிகிச்சை ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். விண்ணப்பத்தை எழுத்து மூலம் அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அசல் ஆவணங்களை வீட்டில் பத்திரப்படுத்தி, தேவைப்படும் இடங்களில் நகல்களை மட்டும் அளியுங்கள்.