சௌடய்யாவின் தந்திகளும் ஃபெண்டரின் மூடிகளும்

ஒலிபெருக்கி பரவாத காலத்தில் வயலினின் நாதம் கச்சேரிக் கூட்டத்தின் பின்வரிசைவரை எட்டுவது அரிதாயிருந்தது. மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பயின்ற டி. சௌடய்யா (1895–1967) இக்குறையைத் தீர்க்க, நான்கு தந்தி வயலினில் மேலும் மூன்று தந்திகளைக் கூட்டினார். அந்த ஏழு தந்தி வயலினே அவருடைய அடையாளமாயிற்று. 1957இல் அவர் சங்கீத கலாநிதி ஆனார். இன்றைய மேடையில் ஒலிவாங்கி உண்டு; பெரும்பாலான வயலின்களில் நான்கு தந்திகளே உள்ளன.

கூட்டுவதைப் போலவே கழற்றுவதற்கும் வரலாறு உண்டு. லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரெசிஷன் பேஸ் கிட்டாரில் பிக்கப்பின்மீதும் குதிரையின்மீதும் உலோக மூடிகள் இருந்தன. குதிரை மூடியின் உட்புறம் ஒட்டிய மெத்துப்பட்டை தந்தியின் நீள் அதிர்வை அடக்கி, பழைய மரப் பேஸின் குறுநாதத்தை நினைவூட்டியது. பிக்கப் மூடியோ விரல் மீட்ட வேண்டிய இடத்தையே மறைத்தது. நீள்நாதத்தையும் விரலுக்கு இடத்தையும் நாடிய கலைஞர் பலர் இரண்டையும் கழற்றினர்.

எனவே மூடியை அகற்றலாமா என்னும் வினாவுக்கு அழகு விடையாகாது. அந்த உறுப்பு எந்தத் தேவைக்குப் பிறந்தது, அத்தேவை இன்றும் உள்ளதா என்பதே அளவுகோல். தேவை மறைந்திருந்தால் கழற்றலாம். ஆனால் மூடியையும் அதன் திருகாணிகளையும் எறிந்துவிடலாகாது. அவை அக்கருவி பிறந்த காலத்தின் சான்றுகள்.