பாஸ்கா முந்நாள்: பொழுது பெயர்ந்த வரலாறு

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டில் பெரிய வியாழன் மாலை தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு மாலையில் முடியும் காலப்பகுதி ‘பாஸ்கா முந்நாள்’ எனப்படுகிறது. வியாழன் மாலையில் ஆண்டவரின் இரவுணவுத் திருப்பலி, வெள்ளி பிற்பகலில் திருப்பாடுகளின் வழிபாடு, சனி இரவில் திருவிழிப்பு என இன்று பங்குக் கோயில்களில் நடைபெறும் இம்மூன்றும் நற்செய்தி கூறும் நிகழ்வுகளின் நாளையும் பொழுதையும் ஒட்டியே அமைந்திருப்பதால், தொடக்கக் காலத்திலிருந்தே இவை இவ்வாறே கொண்டாடப்பட்டு வந்தன என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. சடங்குகளுள் பல பழமையானவை என்பதில் ஐயமில்லை. அவை நடைபெறும் பொழுதோ 1951ஆம் ஆண்டிற்கும் 1956ஆம் ஆண்டிற்கும் இடையில்தான் மீட்கப்பட்டது. அதற்கு முன் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக் காலம், கிறிஸ்துவின் கடைசி இரவுணவும் உயிர்ப்பின் இரவும் காலை வெயிலில் நினைவுகூரப்பட்டன. இந்தப் பொழுதுப் பெயர்ச்சி எவ்வாறு நேர்ந்தது என்பதும், அது பங்கு மக்களின் பக்தி வாழ்வில் எத்தகைய தடத்தை விட்டுச்சென்றது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் முந்நாள் என்ற அமைப்பு உருவாகியிருக்கவில்லை. நோன்பிருந்து விழித்துக் கழிக்கும் ஓர் இரவே பாஸ்காவாக இருந்தது. எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் கொண்டாடும் விழாவின் எபிரேயப் பெயர் அரமேயம், கிரேக்கம் ஆகிய மொழிகளின் வழியே திரிந்து ‘பாஸ்கா’ ஆயிற்று. ‘கடந்து செல்லுதல்’ என்பதே அதன் பொருளாக விளக்கப்பட்டது. ஆனால் கிரேக்க மொழியில் ‘பாடுபடுதல்’ என்னும் பொருள் தரும் வினைச்சொல் ஒன்று அதனோடு ஒலியளவில் ஒத்திருந்ததால், 2ஆம் நூற்றாண்டில் சர்தை நகரின் ஆயராக இருந்த மெலித்தோ போன்றோர் பாஸ்கா என்பதற்குப் ‘பாடுகள்’ என்றே பொருள் கண்டனர். 400ஆம் ஆண்டையொட்டி யனுவாரியு என்பவருக்கு எழுதிய மடலில் அகுஸ்தீனார் இவ்விளக்கத்தை மறுத்து, சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்து செல்லுதலே பாஸ்கா என்று நிலைநாட்டினார். இதைச் சொல்லாராய்ச்சி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. இவ்விழாவின் உயிர்நாடி பாடுகளா உயிர்ப்பா என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. ஏட்டளவில் அகுஸ்தீனார் வென்றார். பங்கு மக்களின் உள்ளத்தில் யார் வென்றார் என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

விழாவின் நாள் குறித்தும் பூசல் இருந்தது. சிறிய ஆசியாவின் சபைகள் கிழமை எதுவாயினும் யூதரின் நீசான் மாதம் 14ஆம் நாளிலேயே பாஸ்காவைக் கொண்டாட, உரோமை உள்ளிட்ட பிற சபைகள் அதை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடின. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை விக்டர் ஆசியச் சபைகளைத் திருச்சபை உறவிலிருந்தே நீக்க முற்பட்டபோது லியோன் ஆயர் இரேனியு தலையிட்டு அமைதி வேண்டினார். அவர் எழுதிய மடலின் ஒரு பகுதியை எவுசேபியுவின் திருச்சபை வரலாறு காத்து வைத்திருக்கிறது. பாஸ்காவுக்கு முன் சிலர் ஒரு நாளும், சிலர் இரு நாள்களும், சிலர் நாற்பது மணி நேரமும் நோன்பிருந்தனர் என்னும் செய்தி அதில் காணப்படுகிறது. அந்த நாற்பது மணி நேரத்திலேயே பிற்கால முந்நாளின் கரு இருந்தது எனலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமே பொதுவாக வேண்டும் என்று 325ஆம் ஆண்டில் நீசேயா பொதுச்சங்கம் முடிவு செய்தது.

ஓர் இரவு பல நாள்களாக விரிந்ததற்கு எருசலேமே காரணம். கொன்ஸ்தந்தீன் பேரரசர் காலத்தில் புனித இடங்களில் பேராலயங்கள் எழுந்த பின்னர், எந்த இடத்தில் எது நடந்ததோ அந்த இடத்தில் அந்தப் பொழுதில் அதை நினைவுகூர வேண்டும் என்னும் விருப்பம் வளர்ந்தது. 380களில் அங்குத் திருப்பயணம் மேற்கொண்ட எகேரியா என்னும் பெண்மணி, ஊரிலிருந்த தம் சகோதரிகளுக்காக எழுதிய குறிப்புகளே இதற்குத் தலைசிறந்த சான்று. அவற்றின் கையெழுத்துப் படி ஒன்று 1884ஆம் ஆண்டில் இத்தாலியின் அரெத்சோ நகரில் கண்டெடுக்கப்படும்வரை இவ்வரலாற்றின் பெரும்பகுதி இருளிலேயே கிடந்தது. வியாழன் மாலை ஒலிவ மலைக்குச் செல்லும் மக்கள் இரவு முழுவதும் இறைவேண்டலில் கழித்து, விடியும் முன் கெத்சமனிக்கு இறங்கி, அங்கிருந்து நகருக்குள் நுழைவதை எகேரியா விவரிக்கிறார். வெள்ளிக்கிழமை கொல்கொதாவில் ஆயர் அமர்ந்திருக்க, வெண்துணி விரித்த மேசைமேல் திருச்சிலுவையின் மரம் வைக்கப்படும். மக்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து நெற்றியாலும் கண்களாலும் அதைத் தொட்டு முத்தி செய்வார்கள். கையால் தொட எவருக்கும் அனுமதியில்லை. முன்பொருமுறை முத்தி செய்வதுபோல் குனிந்த ஒருவர் மரத்தின் ஒரு துண்டைப் பல்லால் கடித்து எடுத்துச் சென்றதாகச் சொல்லப்பட்டதால், திருத்தொண்டர்கள் சூழ நின்று காவல் காத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். இன்று பெரிய வெள்ளியில் சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பங்கும், தான் அறியாமலேயே, எகேரியா கண்ட அந்த வரிசையின் தொடர்ச்சியாக நிற்கிறது.

எருசலேமிலிருந்து திரும்பிய திருப்பயணிகள் வழியே இவ்வழக்கங்கள் மேற்கிலும் பரவின. மிலான் ஆயர் அம்புரோசியார் ‘திரு முந்நாள்’ என்னும் தொடரை ஆள்கிறார். அகுஸ்தீனார் சிலுவையில் அறையப்பட்டு, அடக்கம் செய்யப்பட்டு, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் மும்மை நாள்களாக அதை விளக்குகிறார். இவர்கள் எண்ணிய முந்நாள் வெள்ளி, சனி, ஞாயிறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளி, சனி ஆகிய இரு நாள்களிலும் திருப்பலி நிறைவேற்றப்படுவதில்லை என்பதை 416ஆம் ஆண்டில் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் எழுதிய மடல் உறுதிப்படுத்துகிறது. திருத்தூதர் அவ்விரு நாள்களையும் துயரத்தில் கழித்தனர் என்பது அவர் காட்டும் காரணம். பெரிய வெள்ளியில், முந்தைய நாள் அர்ச்சித்து வைத்த நற்கருணையையே வழங்கும் இன்றைய முறை அந்த விலக்கிலிருந்து கிளைத்தது.

இவ்வாறு உருப்பெற்ற வழிபாட்டைப் பொழுது பெயரச் செய்தவை இரண்டு. முதலாவது, திருமுழுக்கு முறையில் நேர்ந்த மாற்றம். திருமுழுக்குக்கு மிகத் தகுந்த நாள் பாஸ்காவே என்று தெர்த்துல்லியன் எழுதிய காலத்திலிருந்து, வயதுவந்தோர் நீண்ட ஆயத்தத்திற்குப் பின் தண்ணீரில் இறங்கும் இரவாகத் திருவிழிப்பு இருந்தது. அவ்விரவின் நெடிய வாசகங்கள் அவர்களுக்கான கடைசிப் பாடம் போன்றவை. பிறந்த சில நாள்களிலேயே குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும் வழக்கம் வேரூன்றியபின் வாசகங்களும் தண்ணீரை ஆசீர்வதிக்கும் சடங்கும் நிலைத்தன, தண்ணீரில் இறங்குவோர் இல்லாமற்போயினர். இரண்டாவது காரணம் பசி. நோன்பு நாளில் குறிப்பிட்ட வழிபாடு முடிந்த பிறகே உணவு என்பது விதி; விதியை மீறாமல் பசியாற வேண்டுமானால் வழிபாட்டை முன்னே இழுப்பதே வழி. இரவு மாலையாகி, மாலை பிற்பகலாகி, இடைக்காலத்தின் முடிவில் திருவிழிப்பு சனிக்கிழமை முற்பகலை எட்டிவிட்டது. நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் நற்கருணை பெற வேண்டும் என்ற ஒழுங்கும் திருப்பலியைக் காலைப் பொழுதுடன் பிணைத்தது. 1566ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் (பயஸ் எனவும் வழங்கப்படுபவர்) பிற்பகலிலும் மாலையிலும் திருப்பலி நிறைவேற்றுவதைத் தடை செய்தபோது, வழக்கத்தில் நழுவியது சட்டத்தில் உறைந்தது.

இதனால் விளைந்த முரணைப் பாஸ்காப் புகழுரை போல வேறெதுவும் காட்டாது. பாஸ்காத் திரியை ஏற்றியதும் திருத்தொண்டர் பாடும் இந்த நெடும்பாடல், இருளை வென்ற அந்த இரவைத் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லிப் போற்றுவது. 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை தென் இத்தாலியில் இப்பாடலைத் தோல்சுருள்களில் எழுதி ஓவியம் தீட்டினர்; அவற்றுள் பலவற்றில் எழுத்து பாடுபவரை நோக்கியும் ஓவியம் தலைகீழாகவும் அமைந்திருக்கும். பாடப்பாடச் சுருள் மேடையின் மறுபுறம் தொங்கும்போது, கீழே நிற்கும் மக்களுக்கு ஓவியம் நேராகத் தெரியும். திரிக்கு மெழுகு தந்த தேனீக்களைக்கூட அதில் காணலாம். எழுத்தறியா மக்களையும் வழிபாட்டுக்குள் இழுக்க இத்தனை நுட்பமாக முயன்ற ஒரு மரபு, சில நூற்றாண்டுகளில் அதே பாடலைச் சனிக்கிழமைக் காலையில், சன்னல் வழியே வெயில் விழும் கோயிலில், ஏறத்தாழ ஆளின்றிப் பாடும் நிலைக்கு வந்தது. 1642இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் கடன் திருநாள்களின் பட்டியலைச் சுருக்கியபோது வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாள்களும் அதிலிருந்து நீங்கி, வேலை நாள்களாயின. வேலைக்குப் போகும் மக்கள் காலை வழிபாட்டுக்கு வருவது அரிதாயிற்று. முந்நாள் என்னும் சொல்லின் பொருளும் மாறியது: உயிர்ப்பு ஞாயிறு கணக்கிலிருந்து வெளியேற, வியாழன், வெள்ளி, சனி என்பதே முந்நாளாயிற்று.

வழிபாடு குருக்களின் காலைக் கடமையாகச் சுருங்கிய இந்நூற்றாண்டுகளில் மக்கள் வெறுமனே இருந்துவிடவில்லை. தங்களுக்கான பெரிய வெள்ளியைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். பிரான்சிஸ்கு சபையினர் பரப்பிய சிலுவைப் பாதைக்கு 1731ஆம் ஆண்டில் திருத்தந்தை 12ஆம் கிளமென்ட் 14 நிலைகள் என வரையறுத்து, எல்லாக் கோயில்களிலும் அதை நிறுவ வழி செய்தார். சிலுவையில் கிறிஸ்து மொழிந்த ஏழு வாக்குகளை நண்பகல் முதல் மூன்று மணி வரை தியானிக்கும் ‘மூன்று மணி நேர’ வழிபாடு பெருவின் லீமா நகரில் இயேசு சபையினரிடம் தொடங்கி ஐரோப்பாவுக்குச் சென்றது. இவை எல்லாம் கிறிஸ்துவின் பாடுகளையே மையமாகக் கொண்டவை. உயிர்ப்பின் இரவை மையமாகக் கொண்டு இவற்றுக்கு நிகரான மக்கள் பக்தி எதுவும் எழவில்லை. மெலித்தோவின் சொற்பொருள் ஏட்டில் தோற்றாலும் ஊரில் வென்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் பெற்ற பெரிய வாரமும் இந்த நிலையிலிருந்த பெரிய வாரமே. போர்த்துக்கீசியர் காலத்தில் இங்கு வந்த வழிபாடு இலத்தீன் மொழியில் நிகழ்ந்தது. பக்தி முயற்சிகளோ மக்கள் மொழியில் வளர்ந்தன. இவற்றுள் தலையானது ‘வியாகுலப் பிரசங்கம்’. வியாகுலம் என்பதற்குப் பெருந்துயர் என்பது பொருள். கோவாவிலிருந்து 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1742இல் மறையும்வரை தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி எழுதிய இவ்வுரைநடை நூல், தவக்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளின் கோயில்களில் இராகத்துடன் வாசிக்கப்பட்டு வருகிறது. டச்சு ஆட்சி கத்தோலிக்கரை ஒடுக்கிய அக்காலத்தில் குருக்கள் மிகச் சிலரே இருந்தனர். பெரிய வெள்ளியன்று குரு வராத ஊரிலும், ஒரு நூலும் அதை இசைத்து வாசிக்கும் ஒரு குரலும் இருந்தால் அந்நாளைக் கடைப்பிடிக்க முடிந்தது. சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லி அழும் மரபில் வந்த மக்களுக்கு இத்துயர வாசிப்பு அயலாகத் தோன்றியிருக்காது. மன்னார்ப் பகுதியில் மனிதர் நடிப்பதற்கு மாறாக உருவங்களைக் கொண்டு திருப்பாடுகளை நிகழ்த்தும் ‘உடக்குப் பாஸ்’ மரபும், தமிழ்நாட்டுப் பங்குகளின் பாஸ்கா நாடகங்களும், 1965ஆம் ஆண்டில் மரியசேவியர் அடிகளார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் மேடையேற்றிவரும் திருப்பாடுகளின் நாடகங்களும் இதே உணர்வின் வெவ்வேறு வடிவங்கள்.

வழிபாட்டு மறுமலர்ச்சி இயக்கத்தினர் பல்லாண்டுகளாக வேண்டிவந்ததற்கு இணங்க, திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1951 பிப்ரவரி 9ஆம் நாள் வெளியான ஆணையின் வழியே திருவிழிப்பை மீண்டும் இரவில் நிறைவேற்ற முதலில் சோதனை முறையில் இசைவளித்தார். பன்னிரண்டாக இருந்த பழைய ஏற்பாட்டு வாசகங்கள் நான்காகக் குறைந்தன. எரியும் திரிகளுடன் மக்கள் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் பகுதி புதிதாகச் சேர்ந்தது. 1953இல் நற்கருணை நோன்பு தளர்த்தப்பட்டு மாலைத் திருப்பலிக்கு வழி திறந்தது. இத்தளர்வு இல்லையேல் அடுத்த படி இயன்றிருக்காது. 1955 நவம்பர் 16ஆம் நாள் வெளியாகி 1956ஆம் ஆண்டின் குருத்தோலை ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்த ஆணை, பெரிய வாரம் முழுவதையும் சீரமைத்தது. சடங்குகள் உரிய பொழுதை இழந்ததால் ஆளற்ற கோயில்களில் குருக்கள் மட்டுமே அவற்றை நிறைவேற்றும் நிலை ஏற்பட்டதை அந்த ஆணையே ஒப்புக்கொள்கிறது. வியாழன் திருப்பலி மாலைக்கும், வெள்ளி வழிபாடு பிற்பகல் மூன்று மணியளவுக்கும் திரும்பின. அதுவரை குரு மட்டுமே பெரிய வெள்ளியில் நற்கருணை உட்கொண்டுவந்தார். இப்போது மக்களும் பெற்றனர்.

பாதம் கழுவும் சடங்கு பங்குக் கோயிலுக்குள் வந்த வழியும் இச்சீரமைப்புதான். 694ஆம் ஆண்டின் தொலேதோ சங்கம் வலியுறுத்திய இச்சடங்கு, நெடுங்காலம் மறைமாவட்டப் பேராலயங்களிலும் துறவு மடங்களிலும் திருப்பலிக்கு வெளியே நிகழ்ந்தது. 1955இன் ஆணை அதைத் திருப்பலிக்கு உள்ளேயே, நற்செய்திக்கும் மறையுரைக்கும் பின் நடத்த இடமளித்தது. பாதம் கழுவப்படுவோர் ஆண்களாக இருத்தல் வேண்டும் என்ற வரையறை 2016 ஜனவரி 6ஆம் நாள் ஆணையால் நீங்கி, இறைமக்கள் அனைவரிலிருந்தும் அவர்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டிலேயே உரோமையின் சிறார் தடுப்பு இல்லமொன்றில் பெண்களின் பாதங்களையும் கழுவியிருந்தார்.

1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தபின், இம்மூன்று நாள்களின் மன்றாட்டுகளும் தமிழில் ஒலித்தன. 1969இல் வெளியான வழிபாட்டு ஆண்டு விதிமுறைகள் முந்நாளின் எல்லையை மீண்டும் வரையறுத்தன: மாலையில் நாள் தொடங்கும் பழைய கணக்கின்படி வியாழன் மாலையில் தொடங்கி, திருவிழிப்பில் உச்சம் எய்தி, ஞாயிறு மாலை மன்றாட்டுடன் முடிவது அது. அகுஸ்தீனாரின் கணக்கு இவ்வாறு திரும்பியது. எனினும் மக்களின் வெள்ளிக்கிழமை கலையவில்லை. சிலுவைப் பாதையும் பிரசங்க வாசிப்பும் பாஸ்கா நாடகமும், மீட்கப்பட்ட வழிபாட்டின் அருகிலேயே தொடர்கின்றன. அவற்றைப் பாமர மிகை என்று தள்ளுவது வரலாற்றறிவின்மை. கோயில் ஆளற்றிருந்த காலத்தில் நம்பிக்கையைக் காத்தவை அவையே.

திருவிழிப்பு இருள் சூழ்ந்த பின்னரே தொடங்கி ஞாயிறு விடியுமுன் முடிய வேண்டும் என்பது இன்றைய விதி. அவ்விதி நடைமுறைக்கு வந்து ஒரு தலைமுறைகூட நிறைவுறாத 1988ஆம் ஆண்டில், சனிக்கிழமை மாலைத் திருப்பலியின் வழக்கமான நேரத்திலேயே பல இடங்களில் திருவிழிப்பு நடத்தப்படுவதைக் கண்டித்து உரோமை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.